வோஷிங்டனும் திருக்கோணமலைத் துறைமுகமும்

ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியான ஜோர்ஜ் வோஷிங்டனின் (1732-1799) பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இலர். ஆயினும், அவர் தலைமை தாங்கிய விடுதலைப் போரின் பீரங்கிகள் நமது திருக்கோணமலையிலும் முழங்கின என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1775இல் தொடங்கிய அப்போரில் 1778இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. 1780 டிசம்பரில் ஆங்கிலேயர் ஒல்லாந்தர் மீதும் போர் தொடுத்தனர். 1781 அக்டோபரில் யோர்க்டவுனில் வோஷிங்டனிடம் ஆங்கிலப் படை சரணடைந்தது. கடல்வழியைப் பிரெஞ்சுக் கடற்படை அடைத்திராவிடின் அவ்வெற்றி கிட்டியிராது. அங்கு தோற்ற கோர்ன்வாலிஸ் பிரபுவே 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, பின்னர் திப்பு சுல்தானுடன் பொருதினான்.

கடலாதிக்கப் போட்டி நமது கரைக்கும் வந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் ஒதுங்கப் பாதுகாப்பான துறை இல்லை. திருக்கோணமலையோ எக்காலத்தும் கப்பல்களைக் காக்கும் இயற்கைத் துறைமுகம். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டம்பர் 3ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. சமாதானம் ஏற்பட்டபோது திருக்கோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கும், நாகபட்டினம் ஆங்கிலேயருக்கும் போயின. இரண்டு ஊர்களையும் பங்கிட்டவர்கள், அவ்வூர்களின் உழவரையோ மீனவரையோ ஒரு வார்த்தை கேட்டார்களில்லை.

அமெரிக்கா பெற்ற சுதந்திரமும் எல்லோருக்கும் உரியதாயிருக்கவில்லை. பதினொரு வயதிலேயே தந்தை வழியாகப் பத்து அடிமைகளுக்கு உடைமையாளரானவர் வோஷிங்டன். அவர் இறந்தபோது மவுண்ட் வேர்ணன் பண்ணையில் முந்நூறுக்கு மேற்பட்ட அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தனர். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வகைசெய்யும் சட்டத்தில் 1793இல் ஒப்பமிட்டவர் அவரே. 1796இல் ஓனா ஜட்ஜ் என்னும் இளம் அடிமைப்பெண் அவரது ஜனாதிபதி மாளிகையிலிருந்தே தப்பிச் சென்றாள். அவளை மீட்க அவர் ஆள் விட்டார், அவள் திரும்பவில்லை. தமக்குச் சொந்தமான அடிமைகள் விடுதலை பெறவேண்டுமெனத் தமது மரண சாசனத்தில் அவர் எழுதிவைத்தார். மனைவி வழிக் குடும்பச் சொத்தாயிருந்த ஏனையோர் அடிமைகளாகவே இருந்தனர். இலங்கையிலும் 1844 வரை அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அவரது பெருமையை நாம் மறுக்கவில்லை. முடிசூடக்கூடிய செல்வாக்கு இருந்தும், இரண்டு பதவிக்காலங்களின்பின் 1797இல் அவர் விலகினார். அந்நிய வல்லரசுகளுடன் நிரந்தரக் கூட்டுச் சேர வேண்டாமெனத் தமது 1796ஆம் ஆண்டுப் பிரியாவிடை உரையில் நாட்டு மக்களை எச்சரித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே திருக்கோணமலையை ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றியிருந்தனர். இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்ற பின்னரும் அவர்களது கடற்படைத் தளம் அங்கு நீடித்தது. 1957இலேதான் அது இலங்கையின் கைக்கு வந்தது.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, வோஷிங்டனின் வாழ்க்கையைப் படிக்குமிடத்து இரண்டு கேள்விகளைக் கேட்போம்: வென்ற சுதந்திரம் யாரைச் சென்றடைந்தது? அதற்காக நடந்த போரில் யாருடைய கரை பணயமாயிற்று? வரலாற்றை மக்களின் பக்கத்திலிருந்து கற்கும் வழி இதுவே.