தலைவலிக்குக் காரணம் கழுத்தா? கண்டறிய உதவும் பரிசோதனை

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கழுத்து வலிப்பதுண்டு. எனவே, கழுத்து வலியை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மேல் கழுத்து நரம்புகளும் முகத்துக்கு உணர்வளிக்கும் நரம்பும் மூளைத்தண்டுப் பகுதியில் இணைவதால், கழுத்துக் கோளாறு கண்ணைச் சுற்றியும் வலியாக உணரப்படும்.

இதைப் பிரித்தறிய, நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கழுத்தை முழுமையாக முன்புறம் மடக்கி, தலையை இருபுறமும் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார் இயன்முறை மருத்துவர். அந்நிலையில் பெரும்பாலும் முதலிரு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான மூட்டே சுழலும். இயல்பாக ஒவ்வொரு புறமும் சுமார் 44 டிகிரி திரும்பும். ஏறத்தாழ 32 டிகிரிக்கும் குறைந்தால் கழுத்தின் மீதான சந்தேகம் வலுக்கும். ஆயினும், இச்சோதனை மட்டுமே போதுமானதன்று.

காய்ச்சலுடன் கழுத்து இறுகினாலோ, திடீரெனக் கடும் தலைவலி தாக்கினாலோ இந்தச் சோதனை கூடாது. உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.