முட்டை ஓடு சொன்ன சாட்சி

இந்த செமஸ்டர் முழுக்க எங்க வகுப்புல ஒரே 'பண்புத் தரவு' புராணம்தான். ஒரு உயிரினம் எத்தனை இருக்குன்னு எண்ணினா போதாதாம். உடல் அளவு, அலகு நீளம், முட்டை ஓட்டின் கனம்னு அளந்தும் வைக்கணுமாம். எதுக்கு வெட்டி வேலைன்னு கேக்குற மக்களுக்கு ஒரு பிரிட்டன் கதை சொல்றேன்.

1960 வாக்கில், பெரிகிரின் வல்லூறு பெருகிப்போய் எங்க புறாவையெல்லாம் தின்னுதுன்னு அங்கே பந்தயப் புறா வளர்ப்பவர்கள் புகார் கொடுத்தார்கள். 1961ல் டெரெக் ராட்கிளிஃப் தலைமையில் கணக்கெடுத்தால் நிலைமை தலைகீழ். வல்லூறுகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. கூடுகளில் உடைந்த முட்டைகள் வேறு.

குறையுதுன்னு எண்ணிக்கை சொல்லிச்சு. ஏன்னு சொல்லலை.

அதைச் சொன்னது பழைய முட்டைகள். காட்டுப் பறவை முட்டை சேகரிப்பது அந்தக் காலத்து ஆங்கிலேயரின் பொழுதுபோக்கு. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டை இடம், தேதி எழுதிப் பெட்டியில் வைப்பார்கள். ராட்கிளிஃப் அந்த ஓடுகளை எடைபோட்டு, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தார். ஓட்டை உடைக்காமலே கனம் தெரிந்துவிடும். 1947 வாக்கில் அது திடீரென்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. போருக்குப் பின் டிடிடி வயலுக்கு வந்த அதே சமயம்! 1967ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். டிடிடி உடலுக்குள் டிடிஇ ஆக மாறி, ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுப்பது பிறகு தெரிந்தது. அமெரிக்கா 1972ல் தடை போட்டது. வல்லூறும் மீண்டு வந்தது.

2013ல் விஞ்ஞானிகள் உலகம் முழுக்கக் கண்காணிக்க வேண்டிய பல்லுயிர் அளவீடுகளை ஆறு வகையாகப் பட்டியல் போட்டார்கள். உயிரினப் பண்புகள் அதில் ஒன்று. அந்த முட்டைக்காரர்கள் மட்டும் தேதி எழுதாம விட்டிருந்தா, ராட்கிளிஃப் எதை எதோட ஒப்பிட்டிருப்பார், சொல்லுங்க?