கருமணலும் காந்தமும்

கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. வேளிமலைப் பக்கமிருந்து வரும் வள்ளியாறு இதனருகே கடியபட்டணத்தில் கடலில் கலக்கிறது. மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகளில் வந்த துகள்களை அலை சலிக்கிறது. இலேசான மணல் கடலோடு போக, கனத்த கருமணல் கரையில் ஒதுங்குகிறது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் கறுப்பு இல்மனைட், சிவந்த கார்னெட், தேன்நிற மோனசைட், நிறமற்ற சிர்க்கான் எல்லாம் கலந்திருக்கும்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம், அன்று எரிவாயு விளக்குகளில் ஒளிரும் வலையான மேண்டிலுக்கு வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மின்விளக்கு பரவ மேண்டிலின் மவுசு குறைந்தது. அதுவரை கழிவாகக் கிடந்த இல்மனைட், வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டையாக்சைடின் மூலப்பொருளாகி விலைபோனது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது; பின்னர் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் பிரிவானது.

துகள்களைப் பிரிப்பதில் காந்தத்துக்குப் பெரும் பங்குண்டு. உலர்த்திய மணலில் மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும், ரூட்டைல் என்ற இன்னொரு டைட்டானியக் கனிமமும் உயர் மின்னழுத்தத்தால் தனியாகும். பிறகு வலுவான காந்தப்புலத்தில் இல்மனைட் இழுபடும், ரூட்டைல் தங்கிவிடும். மின்சாரம் கடத்தாத மறுபக்கத்தில் கார்னெட்டும் மோனசைட்டும் காந்தத்துக்கு இசையும், சிர்க்கான் இசையாது. வீட்டுக் காந்தத்தை மணலில் துழாவினால் மாக்னடைட் என்ற இரும்புக் கனிமத் துகள் இருந்தால் ஒட்டும். இல்மனைட் எளிதில் ஒட்டாது. அறை வெப்பத்தில் அதன் காந்த ஈர்ப்பு அவ்வளவு மெலிது.

அதன் உள்ளமைப்பு வேறு கதை. இல்மனைட் படிகத்தில் இரும்பு அடுக்கும் டைட்டானிய அடுக்கும் மாறிமாறி அமைகின்றன. சுமார் மைனஸ் 215 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒவ்வொரு இரும்பு அடுக்கிலும் அணுக்களின் காந்தத் திசைகள் ஒன்றுபோல் நிற்கும். அடுத்த இரும்பு அடுக்கில் நேர் எதிராகத் திரும்பும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் வெளியே காந்தம் தெரியாது.

இத்தகைய அடுக்குகளைத் தனித்தனியே உரித்தெடுப்பது இந்த நூற்றாண்டின் முயற்சி. 2017இல் குரோமியம் டிரை அயோடைடின் ஒற்றை அடுக்கிலேயே காந்தத்தன்மை நிலைப்பது உறுதியானது. அடுத்த ஆண்டே, கொடுங்கல்லூரில் பிறந்த புளிக்கல் அஜயன் இடம்பெற்ற ஆய்வுக்குழு, இயற்கை இல்மனைட்டைத் திரவத்தில் உரித்து மென்தாள்களாக்கி ‘இல்மனீன்’ என்று பெயரிட்டது. குரோமியம் டிரை அயோடைடின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று இலேசாகப் படிந்தவை. இல்மனைட்டிலோ அடுக்குகளுக்கிடையே வலுவான வேதிப்பிணைப்பு உண்டு. அதையும் உரிக்க முடிந்ததே புதுமை.

இப்படி மெல்லியதாக்கிய காந்தங்கள் சிலவற்றில் காந்தத் திசைகள் சீராக நிற்பதில்லை. திட்டுத்திட்டாகப் பிரியும், சில இடங்களில் சுழல்போல் முறுக்கிக்கொள்ளும். ஸ்கிர்மியான் எனப்படும் அச்சுழல்கள் எளிதில் கலையாதவை. சிறு மின்னோட்டத்தால் நகர்த்தத் தக்கவை. சுழல் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று தகவலைப் பதியலாம் என்பதே, எலக்ட்ரானின் காந்தப் பண்பைக் கொண்டு தகவலைக் கையாளும் ஸ்பின்ட்ரானிக்ஸ் துறை ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. மேண்டிலுக்கும் பெயிண்டுக்கும் மணலைச் சலித்த காலத்தில் காந்தம் வெறும் பிரிப்புக் கருவி. இன்று இல்மனைட் துகளின் காந்தமே ஆய்வுப் பொருள்.