வலையில் சிக்கும் பங்குனி ஆமையைக் காப்பாற்றும் முறைகள்

தை முதல் பங்குனி வரை நம் கிழக்குக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இதே மாதங்களில் விசைப்படகுகளும் இறாலுக்காக இழுவலை போடுகின்றன. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியது நினைவிருக்கும். வலையில் சிக்கிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று எண்ணிக் கடலில் தள்ளிவிடாதீர்கள். அது மயக்கத்தில் இருக்கலாம். மயங்கிய ஆமையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கித்தான் சாகும்.

வலையில் ஏன் இறக்கிறது?

ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும். அமைதியாக இருக்கும்போது நீண்ட நேரம் மூச்சடக்கும்; வலைக்குள் திமிறும்போது பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் ஆமை விலக்குக் கருவி இல்லாமல் இறால் பிடிக்க அனுமதி பெற்ற படகுகள், கோடையில் 55 நிமிடத்துக்குள்ளும் குளிர்காலத்தில் 75 நிமிடத்துக்குள்ளும் வலையைத் தூக்க வேண்டும். எனவே இழுக்கும் நேரத்தைக் குறைத்தாலே பல ஆமைகள் பிழைக்கும்.

மயங்கிய ஆமைக்கு முதலுதவி

1. அடிவயிறு தரையில் படும்படி ஆமையைக் கிடத்துங்கள். மல்லாத்திப் போடக் கூடாது.
2. பின்பகுதியைக் குறைந்தது அரை அடி உயர்த்தி வையுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வெளியேற இது உதவும்.
3. நிழலில் வைத்து, ஓட்டின் மீதும் கழுத்திலும் ஈரத்துணி போடுங்கள். மூக்கை மூடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் போடக் கூடாது.
4. அவ்வப்போது இடமும் வலமுமாக மெதுவாகச் சாய்த்து விடுங்கள்.
5. 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணோரத்தை மெல்லத் தொட்டும் வாலைக் கிள்ளியும் அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். மயக்கம் தெளிய 4 முதல் 24 மணி நேரம் ஆகலாம்.
6. நன்றாக அசையத் தொடங்கியதும், வலை ஏதும் நீரில் இல்லாதபோது, என்ஜினை நியூட்ரலில் வைத்து, நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்த்தி விடுங்கள்.

ஆமை விலக்குக் கருவி

இழுவலையின் மடிக்கு முன்பாகச் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் இது. இறாலும் சிறு மீன்களும் கம்பிகளின் இடைவெளி வழியே மடிக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, அருகிலுள்ள திறப்பு வழியாக வெளியேறும். அமெரிக்க விதிப்படி கம்பி இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

'பெரிய மீனும் போய்விடுமே' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஓரளவு இழப்பு இருக்கும். ஆனால் பெரிய சொறியும் குப்பையும் மடியில் சேராததால் இறால் நசுங்காது, தரம் பிரிக்கும் வேலையும் குறையும். சட்டம் தவறான சாய்வில் இருந்தால் மீன் இழப்பு கூடும். பொருத்தத் தெரிந்தவரைக் கொண்டே பொருத்துங்கள்.

இதில் விலையும் அடங்கியிருக்கிறது. இக்கருவி முறையாகப் பயன்படாததால் 2019 முதல் நம் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. பண்ணை இறாலுக்கு இத்தடை இல்லை.

சட்டம் சொல்வது

* தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது.
* 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் உள்ளன. ஆமையைக் கொன்றாலோ முட்டையை எடுத்தாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், ரூ.25,000-க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும்.

ஒரு தாய் ஆமை ஒரு தடவையில் ஏறத்தாழ 100 முட்டை இடும். அந்தக் குஞ்சுகளில் வளர்ந்து திரும்புவது மிகச் சிலவே. எனவே முட்டையிட வரும் ஒவ்வொரு தாய் ஆமையும் முக்கியம். படகில் ஓர் ஈரச் சாக்கும், ஆமையைக் கிடத்த நிழலான ஓர் இடமும் ஒதுக்கி வையுங்கள். கரையில் முட்டைக்குழியையோ காயமடைந்த ஆமையையோ கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள்.