கணிப்பொறியும் திரையும்: ஒரு குடித்தன வரலாறு

திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நெருங்கி வாழ்வதில் வசதியுண்டு. ஒரு வீட்டைப் பிரித்துக் கட்டுங்கால் அடுத்த வீடு அதிர்வதும் உண்டு. மேசைக் கணிப்பொறியின் வரலாறும் இத்தகையதே.

1977இல் அறிமுகமான கம்மடோர் 'பெட்', திரையையும் பொறியையும் ஒரே கூட்டில் வைத்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் திரை தனிக்குடித்தனம் சென்றது. 1998இல் ஆப்பிளின் 'ஐமாக்' இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கியது. கம்பிகள் குறைந்தன, மேசையில் இடம் மிகுந்தது. ஆயினும் பொறி மூப்படைந்த நாளில், பழுதற்ற திரையும் அதனோடு கழிக்கப்படலாயிற்று.

இவ்விழப்பைத் தவிர்க்க மூன்றாம் வழியொன்று பிறந்தது. 2014இல் லெனோவோ வெளியிட்ட 'டைனி-இன்-ஒன்' திரையின் பின்புறத்தில் சிறிய கணிப்பொறியைச் செருகலாம். வேண்டும்போது கழற்றி, வேறொன்றைப் பொருத்தலாம். பார்வைக்கு ஒன்று, பழுதுபார்க்க இரண்டு.

மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டும் நம்மனோர்க்கு ஒற்றைப் பெட்டி எளிதே. எனினும் புது ஊரில் அது பழுதுற்றால், முழு விலையையும் மீண்டும் கொடுக்க நேரலாம். ஆதலின் வாங்குமுன் கடைக்காரரிடம் ஒன்று கேட்போம்: திரை இருக்க, பொறியை மட்டும் மாற்ற இயலுமா?