புகையிலைப் பட எச்சரிக்கை (இந்தியா)

சிகரெட் பெட்டி, பீடிக் கட்டு, மெல்லும் புகையிலைப் பொட்டலம் ஆகியவற்றின் மீது இந்திய அரசு கட்டாயமாக்கியுள்ள நோய்ப் படமும் வாசகமும். 2003இல் இயற்றப்பட்ட சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் இதற்கு அடிப்படை. 2004இல் இந்தியா ஏற்ற உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் இதை வலியுறுத்துகிறது.

இதன் வரலாறு பெரும்பாலும் ஒத்திவைப்புகளின் வரலாறு. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2006இல் விதிகள் அறிவிக்கப்பட்டன. பீடித் தொழிலாளர் பிழைப்பு கெடும் என்ற எதிர்ப்பால் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தபோது எச்சரிக்கை முன்பக்கத்தில் 40 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. திருநெல்வேலி வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் வறுமை உண்மையானது. ஆனால் அதைக் காட்டி வாதாடியவர்கள் அவர்களின் கூலியை உயர்த்த அதே வேகம் காட்டவில்லை.

இரு பக்கங்களிலும் 85 விழுக்காடு இடம் வேண்டும் என 2014 அக்டோபரில் அறிவிப்பு வெளியானது. திலீப் காந்தி தலைமையிலான நாடாளுமன்றக் குழு அதை நிறுத்திவைக்கச் சொன்னது, அரசும் பணிந்தது. அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான சியாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். தாம் கட்டுப்படுத்த வேண்டிய தொழிலிலேயே ஆதாயம் உள்ளவர் அந்த இருக்கையில் அமர்ந்ததுதான் இந்த விவகாரத்தின் மிகப் பெரிய குறை. 2016இல் குழு 50 விழுக்காடு போதும் என்றது. எனினும் அவ்வாண்டு ஏப்ரல் 1இல் விதி அமலானது. ஐடிசி உள்ளிட்ட சிகரெட் நிறுவனங்கள் உற்பத்தியைச் சில நாள் நிறுத்தின. மே மாதம் விதிக்குக் கட்டுப்படுமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்ய, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

அரசுக்குள்ளேயே இழுபறி உண்டு. சுகாதார அமைச்சகம் படம் போடச் சொல்கிறது. வர்த்தக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் இயங்கும் புகையிலை வாரியம் ஏற்றுமதியை வளர்க்கிறது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனமான எல்ஐசி, ஐடிசியின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று.

2018 செப்டம்பர் முதல், பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் பெட்டியில் இடம்பெறுகிறது. பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குபவர் கண்ணில் படமும் படாது, எண்ணும் படாது. 2020இல் மகாராஷ்டிரம் சில்லறையாக சிகரெட், பீடி விற்பதைத் தடை செய்தது. நாடு முழுவதற்குமான தடை இல்லை.