கம்பியில்லா இணைப்புக்கு முதலில் ஒரு கம்பி வேண்டும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர் எங்கள் பிள்ளைகளுக்கென்று நான்கு பழைய மடிக்கணினிகளை அனுப்பியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், நான்கும் உயிரோடுதான் வந்து சேர்ந்தன. ஆனால் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. இந்த வயதான இயந்திரங்களில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் பதிந்தோம். மூன்றில் வைஃபை உடனே வந்தது. நான்காவதில் வரவில்லை.

"கார்ட் செத்துப் போச்சு போல சேர், புதுசு ஒண்டு வாங்குவம்" என்றான் ஒரு மாணவன்.

கார்ட் சாகவில்லை. கட்டளை கொடுத்துப் பார்த்தபோது அதன் பெயர், இலக்கம் எல்லாம் திரையில் வந்தன. கூடவே ஒரு செய்தியும் வந்தது: இந்தக் கார்டுக்குரிய ஃபேர்ம்வெயார் இல்லை, இணையத்தில் இணைந்து இறக்கிக்கொள்ளவும்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "இன்டர்நெட்டுக்குத்தானே சேர் வைஃபை கேக்கிறம். வைஃபைக்கு முதல் இன்டர்நெட் வேணுமாம்!"

நாங்களும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. அதில் எங்கள் ஊரின் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

1985இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு சில வானலை வரிசைகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அவற்றில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் வரிசையும் அதுதான். இரைச்சல் நிறைந்தது, யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாதது. குப்பை வரிசை என்றே அதைச் சொல்வார்கள்.

அந்தக் குப்பையில் முதலில் பயன் கண்டவர்களில் கடைகளுக்குக் காசுப் பதிவு இயந்திரம் செய்யும் என்.சி.ஆர். நிறுவனமும் ஒன்று. கடையில் இராக்கைகளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் தரையைக் கிண்டிக் கம்பி இழுப்பது பெரும் செலவு. ஆகவே நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியியலாளர்கள் கம்பியில்லாமல் இயந்திரங்களைப் பேசவைக்க முயன்றார்கள். அங்கே வேலை செய்த விக் ஹேய்ஸ் என்பவரைத் தலைவராகக் கொண்டு 1990இல் 802.11 என்ற பொது நியமக் குழு தொடங்கியது. ஏழு வருடப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1997இல் முதல் நியமம் வெளிவந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. இன்று நம் வீடுகளில் இருக்கும் வைஃபை எல்லாம் அந்தக் குழுவின் பிள்ளைகள்.

1990 என்றவுடன் யாழ்ப்பாணத்தவர்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். அந்த வருடம் ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் போனது. தொலைபேசி போனது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகத் தெருவில் வீடு, கடை, தளபாடம், வானொலிப் பெட்டி எல்லாவற்றையும் விட்டு, கையில் சிறு தொகைப் பணத்தோடு எங்கள் பெற்றோர் போனார்கள். எங்கள் தலைமுறையில் சிலர் கைக்குழந்தைகளாகப் போனவர்கள். மற்றவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிறந்தவர்கள்.

ஆகவே அதற்குப் பிந்திய யாழ்ப்பாணத்தை எங்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எங்களோடு படித்த தமிழ் நண்பர்கள் சொல்லித்தான் தெரியும். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்பார்களாம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். பிபிசி தமிழோசை முடியும்வரை ஆள் மாறி ஆள் சுற்ற வேண்டும். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று எங்களோடு ஒரே ஓய்வறையில் இருக்கிறார்கள். அதே ஒக்டோபர் 30, சரியாக ஐந்து வருடம் கழித்து 1995இல், அவர்களும் மூட்டை முடிச்சோடு வலிகாமத்தை விட்டு நடந்தார்கள். எவர் துன்பம் பெரிது என்று அளப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வானலைக்கு வயர் தேவையில்லை என்றாலும் அதைப் பிடிக்கும் பெட்டிக்கு ஒரு வயர் தேவை என்பதை அந்தக் கதையிலிருந்துதான் நாங்கள் படித்தோம்.

இனிக் கார்டுக்கு வருவோம்.

ஆரம்பத்தில் அது மடிக்கணினியின் பக்கத் துவாரத்தில் செருகும் ஒரு தகடு. அடையாள அட்டையை விடக் கொஞ்சம் தடிப்பம். 1999 ஜூலையில் அப்பிள் நிறுவனம் ஐபுக் என்ற மடிக்கணினியை அறிமுகம் செய்தது. ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வயரும் இல்லை என்று காட்டுவதற்காகக் கணினியை ஒரு வளையத்துக்குள்ளால் நுழைத்து எடுத்தார். அதற்குரிய கார்டின் விலை தனியாக 99 டொலர். 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரில் கம்பியில்லாக் கார்டையும் சேர்த்தே மடிக்கணினிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பின் கார்ட் வெளியே தெரியாமல் உள்ளே போய்விட்டது.

ஒரு சுவாரசியம் சொல்ல வேண்டும். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கம்பியில்லாக் கார்டிலிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, திரையின் ஓரமாக மேலே போகும். அவைதான் அன்டெனா. அந்தக் கம்பி கழன்றிருந்தாலும் வைஃபை வராது, அல்லது ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வரும்.

கார்ட் உள்ளே போனதோடு இன்னொரு சிக்கலும் உள்ளே போனது. கணினி கார்டோடு பேசுவதற்கு ட்ரைவர் என்ற மென்பொருள் வேண்டும். அதைவிட, கார்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அது இயங்க அதற்கென்று ஒரு சிறு கோப்பு வேண்டும். அதுதான் ஃபேர்ம்வெயார். செலவைக் குறைப்பதற்காகப் பல நிறுவனங்கள் அந்தக் கோப்பைக் கார்டிலேயே நிரந்தரமாக எழுதிவைப்பதில்லை. கணினி எழும்பும் ஒவ்வொரு முறையும் அதைக் கார்டுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் கார்ட் இருக்கும், பேசாது.

விண்டோஸ் பாவித்தவர்களுக்கு இது தெரியவில்லை, ஏனென்றால் நிறுவனமே எல்லாவற்றையும் இறுவட்டில் போட்டுக் கொடுத்தது. லினக்ஸ்காரர்களுக்குப் பலர் கதவைச் சாத்தினார்கள். கார்ட் எப்படி இயங்குகிறது என்ற விபரம் வியாபார இரகசியம் என்றார்கள். மென்பொருளைத் திறந்துவிட்டால் பாவனையாளர் அலைவரிசையையும் சக்தியையும் மாற்றிவிடுவார், சட்டப் பிரச்சினை வரும் என்றும் சொன்னார்கள்.

அப்போது தன்னார்வலர்கள் செய்த வேலை வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். 2003 அளவில் என்டிஸ்ராப்பர் என்றொரு வழி வந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய ட்ரைவரையே லினக்ஸுக்குள் ஓட்டும் தந்திரம் அது. ஒட்டுப் போட்ட வேலைதான், ஆனால் அவசரத்துக்கு உதவியது. புரோட்கொம் நிறுவனத்தின் கார்ட்களுக்கு இன்னும் கடினமான வழியில் போனார்கள். ஒரு குழு பழைய ட்ரைவரை ஆராய்ந்து கார்ட் எப்படி நடக்கிறது என்று குறிப்பு மட்டும் எழுதியது. மற்றக் குழு அந்தப் பழைய ட்ரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. களவு என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக அந்தச் சுவர். 2006இல் அது லினக்ஸின் கருவுக்குள் சேர்ந்தது. 2010இல் அந்த நிறுவனமே தன் புதிய கார்ட்களுக்குத் திறந்த ட்ரைவரை வெளியிட்டது.

ட்ரைவர் வந்தது. ஆனால் ஃபேர்ம்வெயார் நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தது. இங்கேதான் பெரிய விவாதம். டெபியன் என்ற லினக்ஸ் குழுமம் 1993இல் தொடங்கியது. முழுச் சுதந்திர மென்பொருளே எங்கள் வாக்குறுதி, மூடிய கோப்பு எதுவும் எங்கள் இறுவட்டில் இருக்காது என்பது அவர்களின் கொள்கை. கொள்கை உயர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஃபேர்ம்வெயார் சேர்ந்த பிரதியொன்று தனியாகவும் இருந்தது, ஆனால் அது உத்தியோகபூர்வமானது அல்ல, தேடித்தான் எடுக்க வேண்டும். வீட்டில் வயர் இணைப்பு உள்ளவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. வயரைச் செருகி இறக்கிவிடுவார். வைஃபையை மட்டும் நம்பியிருந்தவரோ வெளியில் நின்றார்.

2022இல் அவர்கள் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு மஷூரா. இரு பக்கமும் நேர்மையாக வாதாடினார்கள். முடிவில் தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, தேவையான ஃபேர்ம்வெயாரை உத்தியோகபூர்வப் பிரதியிலேயே சேர்ப்பதென்று தீர்மானித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கையைக் கைவிட்டார்கள் என்று இன்றும் வருந்துபவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலுக்குக்கூட வர முடியாதவனுக்குச் சுதந்திரத்தை எப்படிக் கொடுப்பது?

ஆயினும் சில பழைய கார்ட்களின் கோப்பை மற்றவர் விநியோகிக்க இன்றுவரை அனுமதி இல்லை. அவற்றை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். எங்கள் நான்காவது மடிக்கணினியில் இருந்தது அந்த வகை.

சரி, என்ன செய்தோம்? ஒரு ஆசிரியையின் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் மடிக்கணினியில் செருகி, டெதரிங்கைப் போட்டோம். தொலைபேசியின் டேட்டா வயர் வழியாகக் கணினிக்குள் போனது. கோப்பு இறங்கியது. கணினியை நிறுத்தி எழுப்பினோம். வைஃபைப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பிள்ளைகள் கைதட்டினார்கள். மொத்தம் பத்து நிமிடம்.

உங்கள் கணினியிலும் இப்படி நடந்தால் கார்டைக் குறை சொல்வதற்கு முதல் மூன்றைப் பாருங்கள். வைஃபையை நிறுத்தும் பொத்தான் அல்லது விமான நிலை அமர்ந்திருக்கிறதா? கார்டின் பெயர் கணினிக்குத் தெரிகிறதா? தெரிந்தால் ட்ரைவரும் ஃபேர்ம்வெயாரும் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் தொலைபேசி வயர் போதும். இதற்காகக் கடையில் காசு கொடுக்க வேண்டாம்.

அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரம் மகாவிலச்சிய என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே நந்தா வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சி, 2006இல் வீடுகளைக் கம்பியில்லா வலையமைப்பால் இணைக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு வீட்டுக்கு வரும் அலையை அந்த வீட்டுக் கருவி வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். நோன்புக் கஞ்சி வேலிக்கு மேலால் போவது போல. காட்டுக்கு மறுபக்கம் புத்தளத்தில் எங்கள் மக்கள் அப்போதும் இடம்பெயர்ந்த வாழ்க்கையில்தான் இருந்தார்கள். அந்தக் கிராமத்தின் முதல் கம்பி ஒரு ஆசிரியர்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஊர் திரும்பியிருந்த எங்கள் குடும்பங்களில் ஒரு தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்ததைப் பார்த்தோம். வாப்பா தொழிலுக்குப் போனால் தொலைபேசியும் போய்விடும், பாடமும் போய்விடும். அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் மூளையில் குறையில்லை. கார்ட் இருந்தது, கோப்புத்தான் போய்ச் சேரவில்லை.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கலாம். "வைஃபை வேலை செய்யாது" என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். எறிய வேண்டாம். சோனகத் தெருப் பிள்ளைக்கும் கொடுக்கலாம், சுன்னாகத்துப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். பதிந்து கொடுக்க நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வயரும் எங்களிடம் இருக்கிறது.